இரட்சகரை ஏற்றுக்கொண்டோம், ராஜாவை?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு சிறிய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபை முன் அறிக்கையிடத் தயாராகும் வகுப்பு அது. பிள்ளைகளோடு அவர்களுடைய பெற்றோரும் பேச வருவார்கள். வியாதி, கடன், பிள்ளையின் வேலை என்று எது நெருக்கினாலும் பாடுபட்ட இயேசுவைக் கண்ணீரோடு கூப்பிடுகிறோம். அதே வீட்டில் மகனுக்குக் கல்யாணம் பேச உட்காரும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இரட்சகராக இருங்கள், ராஜாவாக வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறோம். இது எனக்குத் தீராத பாரம். அதனால், அவரை முழுசாக ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் யோவான் 18, 19 அதிகாரங்களை ஒரே மூச்சில், சத்தமாக வாசியுங்கள். ‘ராஜா’ என்ற சொல் வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். பிலாத்துவின் கேள்வியில், சேவகரின் பரியாசத்தில், சிலுவைக்கு மேலே எபிரெயு, கிரேக்கு, லத்தீன் மூன்றிலும் எழுதிய பலகையில் என்று அது வந்துகொண்டே இருக்கும். அடிபடுகிறவரும் ஆளுகிறவரும் அங்கே ஒரே ஆள்தான். அப்புறம் ஏசாயா. பாடுபடும் தாசனைப் பற்றிய 53-ஆம் அதிகாரத்தை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் அந்தப் பகுதி 52:13-லேயே தொடங்குகிறது, அதுவும் அவர் உயர்த்தப்படுவார் என்று. அங்கிருந்து வாசியுங்கள்.

வெற்றியும் ஆசீர்வாதமும் தருகிற ராஜா போதும், சிலுவை வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்கள் மத்தேயு 16-ல் பேதுருவைப் பார்க்கட்டும். “நீர் கிறிஸ்து” என்று சொன்ன அதே வாய், பாடுகளைப் பற்றிக் கேட்டவுடன் அவரையே கடிந்துகொண்டது.

அடுத்தது ஜெபம். நீளமாக வேண்டாம். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பின்பற்றினால் போதும் (லூக்கா 23). தனக்கு வந்தது நியாயமான தண்டனை என்று ஒத்துக்கொண்டான். பக்கத்தில் ரத்தம் வடியத் தொங்கியவரிடம், உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது என்னை நினைத்தருளும் என்றான். பெரிய வெள்ளி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் இரண்டாம் வார்த்தையாக வருடாவருடம் கேட்கிறோமே, அது இவனுக்குக் கிடைத்த பதில்தான். “என் பாவத்துக்காகப் பாடுபட்டீர், மன்னியும். இனி என்னை நீரே ஆளும்.” இந்த இரண்டையும் ஒரே ஜெபத்தில் சொல்லுங்கள். மன்னிப்பு முந்தி வரட்டும். எனக்காக உயிரைக் கொடுத்தவர் என்று அறிந்தபின் அவருக்குக் கீழ்ப்படிவதில் பயம் இருக்காது.

சரி, இனிதான் கடினமான பகுதி. ஒரு தாள் எடுத்து, உங்கள் வாழ்க்கையில் அவருக்கு இன்னும் கொடுக்காத இடத்தை எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். நம் மாவட்டத்தில் பெரும்பாலும் சீதனம், நிலத்து எல்லை, சாதி, இவற்றில் ஒன்றாக இருக்கும். எல்லைத் தகராறு என்றால் சர்வேயரை வைத்து அளந்து, அளவு எதிராக வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ரப்பர் வெட்டுகிறவருக்குக் கூலி பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

சீதனத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார், “நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் விரும்பியதைப் போடுங்கள்” என்பார்கள். அதுவும் கேட்பதுதான். அந்த வார்த்தைக்குப் பின்னால் பெண்ணின் தகப்பன் தன் விளையை (தோட்ட நிலத்தை) விற்கிறான். முதல் பேச்சிலேயே, பெண் வீட்டார் வாய் திறக்கும் முன்பே, “ஒரு பவனும் ரூபாயும் வேண்டாம், கொடுத்தாலும் வாங்கமாட்டோம்” என்று மாப்பிள்ளையின் அப்பாவே சொல்லட்டும். மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சொல்லட்டும். ராஜா அந்த வீட்டுக்குள் வருவது அப்போதுதான்.

இதற்கு விலை உண்டு. சொந்தக்காரர்கள் பேசாமல் போவார்கள். அப்போது நம் நட்டாலத்து தேவசகாயத்தை நினையுங்கள். அவர் கத்தோலிக்கர், ஆனாலும் நம் எல்லாருக்கும் சொந்தம். திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர். துன்பத்தில் இருந்தபோது, மகாராஜாவின் படையில் தளபதியாக இருந்த ஐரோப்பியர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பாடுபட்ட ராஜாவை ஏற்றுக்கொண்டவருக்குப் பாடுகள் வந்தபோது, ராஜா கைவிட்டார் என்று அவர் நினைக்கவில்லை.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை அந்தத் தாளை மறுபடி எடுங்கள். மத்தேயு 5:23, 24 வாசியுங்கள். யாரிடமாவது சமாதானமாக வேண்டியிருந்தால் அன்று சாயங்காலமே போங்கள். பணம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாக இருந்து முழுத் தொகையும் கையில் இல்லையென்றால், இருப்பதைக் கொடுத்து, மீதிக்கு ஒரு தேதி சொல்லிவிட்டு வாருங்கள்.