மலைக்குளிரில் லினோ அச்சு: மத நிர்வாகத்தைக் கேலி செய்யும் படம்

1521-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்கள் ஜோடி ஜோடியாக அச்சாகின. ஒன்றில் கிறிஸ்து சீடரின் காலைக் கழுவுகிறார். பக்கத்திலேயே போப் முத்தமிடச் சொல்லிக் காலை நீட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உறைக்கும் அடி அது.

அதே முறையில் இரண்டு கட்டம் வரையுங்கள்: தர்ம தரிசன வரிசை, எதிரே கட்டணச் சீட்டு வாசல். குறி நிர்வாகத்தின் மேல் மட்டும் இருக்கட்டும். கும்பிடுகிறவரைச் சீண்டினால் படம் நியாயத்தை இழந்துவிடும்.

கொடைக்கானல் குளிரில் 3 மி.மீ. லினோ (படம் செதுக்கி அச்சிட உதவும் மெத்தென்ற தகடு, லினோலியம்) விறைத்துப்போய் உளி வழுக்கும். வெந்நீர்ப் பை மேல் ஐந்து நிமிடம் வைத்து, இளகியதும் செதுக்குங்கள். மறு கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான். ஆழம் 1 மி.மீ. போதும், அகலமான வெற்றிடத்துக்கு 2, இல்லையென்றால் மை தடவும் ரோலர் அடியைத் தொட்டு மை ஒட்டும்.

எழுத்தை டிரேசிங் தாளில் எழுதிக் கவிழ்த்துப் படியெடுங்கள். உயரம் 1 செ.மீ.க்குக் குறைந்தால் 'ண'வின் சுழி பிய்ந்துவிடலாம்.

மை கெட்டியாக இருந்தால் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு. கூடினால் நுண்கோடுகள் அடைத்துக்கொள்ளும். மூடுபனியில் தாள் ஈரம் குடித்து நீளும். அச்சிடும்வரை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். தாளின் முதுகில் கரண்டியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். எண்ணெய் மை காய ஒரு வாரம்கூட ஆகலாம், அடுக்காமல் கொடியில் தொங்கவிடுங்கள்.