டோஸைக் கூட்டுவதற்கு முன்: மனநலத் தொடர் பரிசோதனையில் நர்ஸ் பிராக்டிஷனர் பார்க்க வேண்டியவை

மருந்தைத் தொடங்குவது ஒரு நாள் வேலை. நோயாளி தேறுவதும் சரிவதும் அதற்குப் பிறகு வரும் தொடர் பரிசோதனைகளில்தான் தெரியும். நர்ஸ் பிராக்டிஷனர் நோயாளியைப் பரிசோதிக்கலாம், ரத்தப் பரிசோதனைக்கு எழுதலாம், பல இடங்களில் மருந்தையும் மாற்றலாம். எதுவரை தன்னிச்சையாகச் செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். நோய் கூடிவிட்டதுபோல் தெரிந்தால் உடனே டோஸைக் கூட்டத் தோன்றும். அதற்கு முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள்: மருந்து உள்ளே போகிறதா, மருந்தே தொல்லை தருகிறதா, உடம்பில் வேறு கோளாறு இருக்கிறதா.

"மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று இயல்பாகக் கேளுங்கள். மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள். விட்டதற்குக் காரணம் பெரும்பாலும் தூக்கக் கலக்கம், எடை கூடுவது, பாலுறவில் சிக்கல். கடைசியாகச் சொன்னதை அவராக வாய் திறந்து சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபைனை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டிருந்தால் பழைய டோஸிலேயே தொடரக் கூடாது. 12.5 மி.கி.யில் தொடங்கி மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பும் வரலாம்.

அடுத்தது, அடிக்கடி தவறிப்போகும் விஷயம்: அகத்தீசியா, அதாவது மருந்தால் வரும் நிலைகொள்ளாத தவிப்பு. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் போன்ற ஆன்டிசைக்கோடிக் (மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான) மருந்துகளைத் தொடங்கிய அல்லது டோஸைக் கூட்டிய சில நாட்களிலோ வாரங்களிலோ இது வரும். நோயாளி நாற்காலியில் நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றிப் போடுவார், எழுந்து நின்றால் ஒரே இடத்தில் கால் மாற்றி மிதித்துக்கொண்டே இருப்பார். பார்ப்பவர் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அதே மருந்தைக் கூட்டுவார். அவஸ்தை இன்னும் அதிகமாகும். உட்கார வைத்து இரண்டு நிமிடம், நிற்க வைத்து இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்தபடியே கால்களைக் கவனியுங்கள். "உள்ளுக்குள்ள ஒரு தவிப்பு இருக்கா, காலை அசைக்காம இருக்க முடியலையா?" என்றும் கேளுங்கள். வெளியே அசைவு குறைவாக இருந்து உள்ளே தவிப்பு மட்டும் கடுமையாக இருப்பவர்களும் உண்டு. அவர்களிடம் தற்கொலை எண்ணத்தையும் சேர்த்தே விசாரியுங்கள். முதல் வழி டோஸைக் குறைப்பது அல்லது மருந்தை மாற்றுவது. ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை பலருக்கு உதவுகிறது, ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்குக் கூடாது.

இருமுனை மனநோய் போன்றவற்றில் மனநிலையைச் சீராக வைக்கத் தரும் லித்தியத்தை எடுப்பவருக்கு, அதன் ரத்த அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம்: கடைசி டோஸுக்குப் பிறகு 12 மணி நேரம். காலையில் ரத்தம் கொடுக்க வருபவர் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். மருந்தைத் தொடங்கியோ டோஸை மாற்றியோ 5 முதல் 7 நாள் கழித்துப் பாருங்கள். தொடர் சிகிச்சையில் பெரும்பாலானவர்களுக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும். அளவு திடீரென எகிறி, ஆள் மட்டும் நன்றாக இருந்தால், ரத்தம் எந்தக் குழாயில் எடுக்கப்பட்டது என்று ஆய்வகத்தில் கேளுங்கள். லித்தியம் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) பூசிய குழாயில் எடுத்தால் அந்த லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

உண்மையாகவே ஏறியிருந்தால் காரணம் பெரும்பாலும் வாந்தி, பேதி, திடீரென உப்பைக் குறைத்தது, அல்லது வேறொருவர் எழுதிக் கொடுத்த மருந்து. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், தையசைடு வகை நீர் மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் லித்தியத்தை உடம்பிலேயே தேக்கிவிடும். வலிக்குப் பாரசிட்டமால் போதும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கை பெரிதாக உதறி நடுங்குவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது தெரிந்தால் லித்தியத்தை நிறுத்தி அன்றே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள். நீண்ட நாள் எடுப்பவருக்கு அளவு பெரிதாக ஏறாமலேயே நச்சுத்தன்மை வரலாம் என்பதால் ரத்த அளவை மட்டும் நம்பாதீர்கள். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

குளோசபைன் என்றால் நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை எல்லோருக்கும் நினைவிருக்கும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். மலச்சிக்கலைத்தான் யாரும் கேட்பதில்லை. குடல் இயக்கம் நின்று உயிரே போகலாம். கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதுங்கள். வயிறு உப்பி வலித்தால் காத்திருக்காதீர்கள். சிகரெட்டை விட்டாரா என்பதையும் கேளுங்கள். புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலில் குளோசபைன் சிதைவதை வேகப்படுத்துகின்றன. புகையை நிறுத்தினால் அதே டோஸில் ரத்த அளவு சில நாட்களிலேயே ஏறும். நிகோடின் ஒட்டுப்பட்டை போட்டாலும் இது நடக்கும், ஏனென்றால் நிகோடின் இதற்குக் காரணமில்லை. ஒலன்சபைன் என்ற ஆன்டிசைக்கோடிக் மருந்துக்கும் இது பொருந்தும்.

ஆன்டிசைக்கோடிக் மருந்து எடுப்பவருக்கு எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு: தொடங்கும்போது ஒரு முறை, 12 வாரத்தில் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். எடையை மட்டும் முதல் ஆறு வாரம் வாராவாரம் பார்ப்பது நல்லது. ஆரம்ப எடையில் 5 சதவீதம் கூடியதுமே மருந்தை மாற்றுவது பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

தற்கொலை எண்ணத்தை நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருக்கிறது என்றால் வீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று விசாரித்து, அவற்றை அவர் கைக்கு எட்டாமல் வைக்க குடும்பத்தாரோடு ஏற்பாடு செய்யுங்கள். லித்தியம், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் இரண்டும் அதிகமாக விழுங்கினால் ஆபத்தானவை, ஒரு வாரத்துக்கு மேல் எழுதித் தராதீர்கள். நிலைமை மோசமாகும்போது முதலில் தெரியும் அறிகுறி, தானே செய்யக்கூடியது, கூப்பிட வேண்டிய ஆட்கள், அவசர எண் ஆகியவற்றை அவருடைய சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். தற்கொலைக்குத் திட்டமும் அதற்கான வழியும் கையில் இருப்பவரை அன்று தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.