பிஎல்ஏ-வை வளைய வைக்கப் போய்ச் சறுக்கும் இடங்கள்

மக்காச்சோளம், கரும்பு இவற்றின் சர்க்கரையிலிருந்து வரும் பிஎல்ஏ விறைப்பான பிளாஸ்டிக். இழுத்தால் 5% நீள்வதற்குள் பட்டென்று முறிந்துவிடும். பிஎல்ஏ போலவே உரக்குவியலில் மக்கும் இன்னொரு பிளாஸ்டிக்கான பிபிஏடி நேர்மாறு: பல மடங்கு நீளும், ஆனால் தொளதொள. இரண்டையும் கலந்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் தொடங்குகிறோம்.

சறுக்கல் கலப்பதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. மூட்டையைப் பிரித்து நேராக இயந்திரத்தின் வாயான ஹாப்பரில் கொட்டக் கூடாது. பிஎல்ஏ-வில் ஈரம் 0.025 சதவீதத்துக்கு மேல் இருந்தால், எக்ஸ்ட்ரூடர் என்கிற உருக்கித் தள்ளும் இயந்திரத்தின் சூட்டில் நீர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டிவிடும். உருகல் தண்ணீராய் ஓடும். அதற்காக எதையும் 80 டிகிரியில் போட்டு உலர்த்திவிடவும் முடியாது. அரைத்த பழைய துண்டுகளை நான் அப்படிப் போட்டுவிட்டு, காலையில் ட்ரையரைத் திறந்தபோது எல்லாம் ஒரே கட்டி. படிகமாகாத (மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்காத) பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகி ஒட்டிக்கொள்ளும். அதற்கு 45 டிகிரியும் கூடுதல் நேரமும்தான் வழி.

பெரிய தவறு, கலந்ததெல்லாம் கரைந்துவிட்டது என்று நம்புவது. இவை இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரையாதவை. 20% பிபிஏடி சேர்த்தால் அது பிஎல்ஏ-வுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகளாகவே நிற்கும். மாதிரியைத் திரவ நைட்ரஜனில் முக்கி உடைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். முறிந்த முகத்தில் வழவழப்பான வட்டக் குழிகள் தெரிந்தால், உருண்டைகள் பிடிப்பில்லாமல் கழன்று வந்திருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் பிபிஏடி-யை இன்னும் கூட்டினால் விறைப்புதான் போகும். எபாக்சி தொகுதிகள் கொண்ட சங்கிலி நீட்டியை அரை சதவீத அளவில் சேர்த்தால், அது இரண்டின் முனைகளையும் பிணைக்கும். உருண்டைகள் சிறுத்து, பிடித்து நிற்கும். கை தாராளமானால் ஃபிலிமில் உருகாத கட்டிகளான ஜெல் புள்ளிகள் முளைக்கும், உருகல் வெளியேறும் டையில் அழுத்தம் ஏறும்.

வார்த்த அன்றே இழுத்துப் பார்த்துச் சந்தோஷப்படுவதும் வேண்டாம். அறை வெப்பத்தில் கிடக்கக் கிடக்க பிஎல்ஏ இறுகும். ஒரு வாரம் கழித்து அதே மாதிரி முறியலாம். மெதுவாக இழுக்கும்போது நீள்வது, அடி விழுந்தால் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வெட்டுத்தடம் போட்ட மோதல் சோதனையும் செய்யுங்கள்.

பிளாஸ்டிக்கை இளக்கும் திரவமான பிளாஸ்டிசைசர் ஊற்றுவது சுலபம்தான். பல வகைகள் நாளாக ஆக மேற்பரப்புக்குக் கசிந்துவிடும். மலிவு என்று பாலிஎத்திலீன் சேர்ப்பதோ சுத்த அபத்தம். 58 டிகிரி தொழிற்சாலை உரக்குவியலில் மற்றதெல்லாம் மக்கிய பிறகும் சல்லடையில் அது மட்டும் நிற்கும்.