அன்னாள் கதைய வச்சு நாம பண்ற தப்புகள்

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாசல்ல செருப்ப மாட்டுறதுக்குள்ள "என்னத்தா, விசேஷம் ஏதும் உண்டா?"ன்னு ஒரு குரல் வந்துரும். கல்யாணமாகி ஆறு மாசம் ஆனாலும் சரி ஆறு வருஷம் ஆனாலும் சரி, மதுரைப் பக்கம் இந்தக் கேள்விக்குத் தப்புற பொண்ணுங்க கம்மி. இல்லன்னு தலையாட்டுனா அடுத்த வார்த்தை ரெடியா இருக்கும், "அன்னாள் மாதிரி அழுது ஜெபம் பண்ணுத்தா, ஒனக்கும் ஒரு சாமுவேல் கெடைப்பான்". பைபிள்ல வர்ற அன்னாள் ரொம்ப நாள் பிள்ளையில்லாம இருந்து, அழுது ஜெபிச்சு சாமுவேலப் பெத்தவ. நல்ல மனசோடதான் சொல்றாங்க. நானும் சொல்லிருக்கேன், எங்க மதினிகிட்ட. அதுக்கு அவங்க ஒண்ணுமே பேசல, கைல இருந்த பைபிளோட ஜிப்ப தொறந்து தொறந்து மூடிட்டே இருந்தாங்க. அன்னிக்கு ராத்திரிதான் 1 சாமுவேல் முதல் ரெண்டு அதிகாரத்த நிதானமா ஒக்காந்து வாசிச்சேன். அன்னாள் என்ன செஞ்சான்னு மட்டுமே கேட்டு வளந்த எனக்கு, அவளச் சுத்தி இருந்தவங்க என்ன செஞ்சாங்கங்கறது அப்பதான் கண்ணுல பட்டுச்சு.

மொதல்ல பெனின்னாள், அன்னாளோட புருஷன் எல்க்கானாவுக்கு இன்னொரு மனைவி, பிள்ளைங்க உள்ளவ. வருஷா வருஷம் கர்த்தருடைய ஆலயம் இருந்த சீலோவுக்குப் பலி செலுத்தப் போறப்பல்லாம் அன்னாள விசனப்படுத்தி அழ வச்சது இவதான். எங்க அழுக வந்துச்சுன்னு பாருங்க, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போற எடத்துல, பண்டிகைச் சாப்பாட்டுக்கு முன்னாடி. நம்ம ஊர்லயும் இது விசேஷ வீட்லதான் நடக்குது. எங்க சொந்தத்துல ஒரு வளைகாப்பு, ஜெபம் பண்ணி பாட்டெல்லாம் பாடி முடிச்சு ஒவ்வொருத்தரா சந்தனம் பூசி வளையல் போடுறாங்க, மதினி தாம்பாளத்துல இருந்து ரெண்டு பச்சை வளையல எடுத்துட்டாங்க. ஒரு பெரியம்மா மெதுவா அந்தக் கைய புடிச்சு "நீ அப்பறமா போடுத்தா"ன்னு வளையல வாங்கி திரும்ப தாம்பாளத்துல வச்சுட்டாங்க. சத்தமே இல்ல, பாதிப் பேருக்கு நடந்தது தெரியக்கூட தெரியாது. ஜெபத்தோட ஆரம்பிச்ச வீட்டுல எங்கிருந்துங்க வந்துச்சு இந்த ராசி பாக்குறது? தயவுசெஞ்சு இத விட்ருங்க, இன்னிக்கே விட்ருங்க.

எல்க்கானா அடுத்தது. அவரு கெட்டவரு இல்ல, அன்னாள் மேல பாசம் வச்சு இரட்டிப்பான பங்கு குடுத்தவரு. ஆனா அவ சாப்பிடாம அழறப்ப ஏன் அழற, ஏன் சாப்பிடலன்னு அடுக்கடுக்கா கேட்டுட்டு, பத்து குமாரரைப் பாக்கிலும் நான் ஒனக்கு மேல் இல்லையான்னு கேக்குறாரு. பாசத்துல வந்த வார்த்தைதான், ஆனா அவ துக்கத்தப் பத்தின பேச்சு டக்குன்னு அவரப் பத்தின பேச்சா மாறிடுச்சு பாருங்க. அதுக்கு அவ பதில் சொன்னதாவே எழுதல. ஆம்பளைங்க இந்த ஒரு வசனத்த மட்டும் ரெண்டு தடவ வாசிங்க.

சீலோவுல ஆசாரியரா இருந்த ஏலி விஷயத்துலதான் நான் ரொம்ப நேரம் நின்னேன். அன்னாள் மனசுக்குள்ள ஜெபிக்கிறா, உதடு அசையுது சத்தம் வரல, ஒடனே குடிச்சிருக்கான்னு ஆசாரியரே முடிவு பண்ணிட்டாரு. அவ, தன்னைப் பேலியாளின் மகளா, அதாவது பொல்லாதவளா, எண்ணாதீங்கன்னு கெஞ்சுறா. அடுத்த அதிகாரத்துல அதே வார்த்தை வருது, யாருக்குன்னா ஏலியோட சொந்த மகன்களுக்கு, அவங்கதான் பேலியாளின் மக்கள்னு எழுதிருக்கு. இப்பவும் குழந்த இல்லாத வீட்டுக்கு ஜெபிக்க வர்றவங்க சிலபேரு பாட்டன் பூட்டன் பாவமா, வீட்ல சாபமா, மறைச்ச பாவம் ஏதும் இருக்கான்னு துருவுறாங்க. லூக்கா 1:6-7 பாருங்க, சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பா நீதியுள்ளவங்க, குற்றமற்றவங்கன்னு சொல்லிட்டுத்தான் அவங்களுக்குப் பிள்ள இல்லன்னு சொல்லுது. ஏலிகிட்ட ஒரு நல்லது உண்டு, தப்புன்னு தெரிஞ்சதும் சமாதானத்தோட போன்னு ஆசீர்வதிச்சு அனுப்பிட்டாரு. வாய்விட்டுட்டோம்னு தோணுனா நாமளும் போய் அத சரி பண்ணிரலாம், வயசு தடையில்ல.

அந்த லூக்காவ பவுல் பிரியமான வைத்தியன்னுதான் எழுதுறாரு (கொலோசெயர் 4:14), அதனால ஆஸ்பத்திரிக்குப் போனா விசுவாசக் கொறைவுன்னு யாரையும் பயமுறுத்தாதீங்க. 12 மாசம் முயற்சி பண்ணியும் தங்கலன்னா டாக்டர பாக்கணும், வயசு 35 தாண்டிருந்தா 6 மாசத்துலயே போறது நல்லது. ரெண்டு பேரும் போகணும். எல்க்கானாவுக்குப் பெனின்னாள் மூலமா பிள்ளைங்க இருந்துச்சு, அதனால கொற அவருகிட்ட இல்லன்னு தெரியும். நம்ம வீட்ல அப்படி எதுவும் தெரியாமலே பொண்ண மட்டும் வருஷக்கணக்கா ஸ்கேன், ஊசின்னு அலைய விடுறோம், ஆம்பளைக்கு ஒரு சாதாரண விந்து பரிசோதனை, அதுக்கு அனுப்ப மாமியாருக்கு மனசு வர்றதில்ல.

பொருத்தனை பண்ணச் சொல்லி அடுத்தவங்களத் தூண்டுறதும் தப்புதான். ஆம்பளப் பிள்ளை குடுத்தா அவன கர்த்தருக்கே குடுத்துருவேன்னு அன்னாள் நேர்ந்துக்கிட்டா, ஆனா யாரும் சொல்லிக் குடுத்து அந்தப் பொருத்தனைய பண்ண வைக்கல. எண்ணாகமம் 30 படி மனைவி பண்ணுன பொருத்தனைய புருஷன் கேட்ட நாள்லயே தடுக்கலாம்னு இருந்துச்சு, எல்க்கானா தடுக்கல, பால் மறக்கிற வரைக்கும் இரு, ஒனக்கு நல்லதா தோணுறபடி செய்னு கூட நின்னாரு. புருஷன்கிட்ட ஒரு வார்த்த பேசாம, யாரோ சொன்னாங்கன்னு அவசரத்துல நேர்ந்துக்கிட்டு, அப்பறம் அந்தப் புள்ள காலேஜ் சேர்ற வயசுல "நீ ஊழியத்துக்குன்னு நேர்ந்த புள்ள"ன்னு அதோட தலையில ஏத்துறது அன்னாள் வழி இல்ல.

எல்லாத்துக்கும் மேல நாம கோட்ட விடுற வசனம் 1:18. அவ எழுந்து போயி சாப்பிட்டா, அப்பறம் அவ துக்கமுகமா இருக்கல. இது நடந்தப்ப அவ வயித்துல பிள்ள இல்ல. சொந்த ஊரான ராமாவுக்குத் திரும்பிப் போனது, கர்ப்பம் தரிச்சது எல்லாம் அதுக்குப் பின்னாடிதான். இருதயத்த ஊத்துன எடத்துலயே அவளுக்கு ஏதோ கெடைச்சிருச்சு, சாமுவேல் அப்பறம்தான் வந்தான். இதத்தான் நான் மதினிகிட்ட சொல்லிருக்கணும், இல்லன்னா எதுவுமே சொல்லாம பக்கத்துல ஒக்காந்திருக்கணும்.

2:19ல ஒண்ணு இருக்கு, யாரும் இத வச்சு பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்ல. பொருத்தனைப்படி சீலோவுல ஏலிகிட்ட விட்ட மகனுக்கு வருஷா வருஷம் அன்னாள் ஒரு சின்னச் சட்டை தச்சு கொண்டு போவா. புதுமண்டபத்துல டெய்லர் கடைங்க இருந்த காலத்துல எங்கம்மா என்னைய கூட்டிட்டுப் போயி நிக்க வச்சு "வளர்ற புள்ளண்ணே, ரெண்டு இஞ்ச் கூடவே விடுங்க"ன்னு சொல்லுவாங்க, அந்த அளவு டேப்போட குளிர்ச்சி கழுத்துல இன்னும் இருக்கு. அன்னாளுக்கு அளவெடுக்க புள்ள பக்கத்துல இல்ல, போன வருஷம் பாத்த ஒசரத்த மனசுல வச்சு, இந்நேரம் தோள் வரைக்கும் இவ்வளவு வளந்திருப்பான்னு கணக்குப் போட்டுத்தான் தச்சிருப்பா.