கனடாவில் படிப்பு: காலேஜுக்கு முன் மாகாணத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஹாலிஃபாக்ஸில் வசிக்கிறேன். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் "அக்கா, எந்த காலேஜ் நல்லது?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பதிலுக்கு நான் கேட்பது, "எந்த மாகாணம்?" ஒரே பாடத்தை இரண்டு மாகாணங்களில் படித்த இரண்டு பேரில் ஒருவருக்கு பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்து, இன்னொருவர் ஊர் திரும்ப நேர்வதை இங்கே பார்க்கிறேன். படிப்பு முடிந்த பிறகும் கனடாவில் இருக்க நினைப்பவர்கள் கல்லூரியின் தரவரிசைக்கு முன்னால் குடியேற்ற விதிகளைப் பார்த்தாக வேண்டும்.

முதலில், யார் கையில் என்ன இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டடி பெர்மிட், படிப்புக்குப் பிறகான வொர்க் பெர்மிட், கடைசியில் பிஆர் எல்லாம் தருவது ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு. மாகாணத்தின் கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, 2024-இலிருந்து ஸ்டடி பெர்மிட் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய பிஏஎல் என்னும் சான்றுக் கடிதம். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் படிப்புக்கு வருபவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து இது தேவையில்லை. இன்னொன்று, பிஎன்பி என்னும் மாகாண நாமினேஷன், அதாவது ஒருவரை பிஆருக்கு மாகாணம் பரிந்துரைப்பது. புள்ளிகள் போட்டு பிஆருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அதற்கு மட்டும் 600 புள்ளிகள். அது கையில் இருந்தால் பிஆர் ஏறக்குறைய உறுதி. கியூபெக் தனி உலகம். அங்கே பிரெஞ்சு இல்லாமல் தங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, நீங்கள் போகும் பகுதிக்கு ஆட்கள் ஏன் தேவை என்று பாருங்கள். நான் இருக்கும் அட்லாண்டிக் கரையில் நான்கு மாகாணங்கள்: நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து. இங்கே முதியவர்கள் அதிகம். இளைஞர்கள் வேலை தேடி டொரொன்டோவுக்கும் ஆல்பர்ட்டாவுக்கும் போய்விடுவது நெடுநாள் கதை. அதனால்தான் 2017-இல் அட்லாண்டிக் குடியேற்றத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கி, 2022-இல் நிரந்தரமாக்கினார்கள். இங்கே இரண்டு வருஷப் படிப்பை முடித்து, பட்டத்துக்கு முந்தைய இரண்டு வருஷங்களில் குறைந்தது 16 மாதம் இந்த நான்கில் ஒரு மாகாணத்தில் வாழ்ந்திருந்தால் முன் அனுபவம் கேட்க மாட்டார்கள். திட்டத்தில் பதிவான நிறுவனத்தில் வேலை கிடைத்து, மாகாணமும் ஒப்புதல் தர வேண்டும். டொரொன்டோவில் சித்தப்பா வீட்டில் தங்கி ஆன்லைனில் படிப்பை முடித்தவர்களுக்கு இந்த வழி கிடையாது. டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் சொந்தங்கள் இருப்பது நம்மவர்களுக்குப் பெரிய தெம்புதான், மறுக்கவில்லை. ஆனால் போட்டியும் அங்கேதான் அதிகம்.

பலர் தவறவிடும் விஷயம் இடங்களின் எண்ணிக்கை. தகுதி இருப்பது வேறு, அந்த வருஷம் இடம் இருப்பது வேறு. பிரின்ஸ் எட்வர்ட் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். சுலபமாக நாமினேஷன் கிடைக்கும் என்ற பேச்சு பரவி, மற்ற மாகாணங்களில் படித்தவர்களும் அங்கே போய்க் கடைகளிலும் உணவகங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் தீவின் அரசு நாமினேஷன்களைக் கால் பங்கு குறைத்தது. மருத்துவம், கட்டுமானம் போன்ற துறைகளுக்கு முன்னுரிமை என்றது. மே மாதம், வொர்க் பெர்மிட் முடியப்போகும் நிலையில் தீவின் தலைநகர் சார்லட்டவுனில் பட்டதாரிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் பிள்ளைகள். சட்டத்தை மீறாமல் வேலை செய்து வரி கட்டியவர்கள். அந்தப் படங்களைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. ஆள் வேண்டும் என்று அழைத்துவிட்டு நடுவழியில் விதியை மாற்றுவது அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். 2025-இல் மத்திய அரசும் நாடு முழுவதற்குமான பிஎன்பி இலக்கை 1,10,000-லிருந்து 55,000-ஆகக் குறைத்தது. 2026-க்கு அதை 91,500-ஆக ஏற்றினார்கள். ஆகவே மாகாணத்தின் இணையதளத்தில் அந்த வருஷத்து ஒதுக்கீடு, எந்தத் துறைக்கு முன்னுரிமை என்ற இரண்டையும் தேடிப் படியுங்கள். ஒதுக்கீடு சுருங்கும்போது முதலில் வெளியே நிற்பவர்கள் உணவக, சில்லறை விற்பனை வேலைக்காரர்கள்தான்.

வொர்க் பெர்மிட் விஷயத்தில் தேதியைக் கவனியுங்கள். 2024 நவம்பர் 1 முதல் இரண்டு புது நிபந்தனைகள் வந்தன, இரண்டும் ஒரே மாதிரி பொருந்தாது. ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் தேர்வு, அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் உண்டு: பட்டப் படிப்பு என்றால் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 7, கல்லூரி டிப்ளமோ என்றால் 5. படித்த துறை மத்திய அரசின் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது, அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்த டிப்ளமோ மாணவர்களுக்கு. பட்டியலும் மாறும். ஃபீஸ் கட்டுவதற்கு முன் உங்கள் பாடத்தின் ஆறு இலக்க சிஐபி எண்ணை (பாடத்துறையைக் குறிக்கும் எண்)க் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முதுகலை என்றால் எட்டு மாதப் படிப்புக்கும் மூன்று வருஷ வொர்க் பெர்மிட் உண்டு. குடும்பத்தால் ஃபீஸ் தாங்க முடியுமென்றால் டிப்ளமோவை விட முதுகலையைத்தான் சொல்வேன்.

பணம்: முதல் வருஷ ஃபீஸும் பயணச் செலவும் போக, தனி ஆளுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். 2023 வரை இது 10,000 டாலராகத்தான் இருந்தது. படிக்கும்போது கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அதை நம்பி ஃபீஸ் கணக்குப் போடாதீர்கள்.

ஊரையும் விசாரியுங்கள். நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில் சிட்னி என்று ஒரு ஊர். சுரங்கமும் எஃகு ஆலையும் மூடிய பிறகு, அங்குள்ள பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்தது. வீடும் பஸ்ஸும் வேலையும் அந்த வேகத்தில் வரவில்லை. வாடகை அறை கிடைக்காமல் பிள்ளைகள் நெருக்கியடித்துத் தங்கினார்கள். நீங்கள் போக நினைக்கும் ஊரில் இப்போது படிப்பவர்களிடம் வாடகை, பகுதி நேர வேலை, முந்தைய பேட்ச் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை நான் மிகவும் மதிப்பேன்.

கடைசியாக ஏஜென்ட். ஊரில் உள்ள பெரும்பாலான ஏஜென்ட்டுகளுக்குக் கல்லூரி கமிஷன் தருகிறது. எனவே கமிஷன் வராத மாகாணத்தை அவர் சொல்லாமல் விடலாம். காசு வாங்கிக்கொண்டு கனடா விசாவுக்கு ஆலோசனை சொல்பவருக்கு உரிமம் வேண்டும், வழக்கறிஞராக இல்லாவிட்டால் பொதுவாக அது ஆர்சிஐசி எண், அதாவது உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகரின் எண். அதைக் கேட்டு வாங்கிக் கனடாவின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பாருங்கள். "பிஆர் கேரன்டி" என்று யார் சொன்னாலும், அதை லெட்டர்ஹெட்டில் எழுதி கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.