ட்ரம்பெட்டில் எல்இடி லைட் மாட்டப் போகிறீர்களா? வாத்தியத்தைக் கெடுக்கும் தவறுகள் இவை

பேண்ட் வாத்தியத்துக்குக் கல்யாண ரிசப்ஷன் ஆர்டர் எடுக்கும்போதே, "மாஸ்டர், வாத்தியத்துல லைட் இருக்குமா?" என்று கேட்கும் காலம் இது. கேட்பதில் தப்பில்லை. இருட்டில் ஒளிரும் பெல்லோடு (வாத்தியத்தின் விரிந்த வாய்ப்பகுதி) ஒரு சூசபோன், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டி ஊதும் பெரிய வாத்தியம், தெருவில் வந்தால் பார்க்க அழகுதான். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனால் எல்இடி ஸ்ட்ரிப், கன்ட்ரோலர், பேட்டரி பாக்ஸ் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். சிக்கல் அதை வாத்தியத்தில் மாட்டுகிற விதத்தில்தான். லைட்டுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். லேக்கர் (பளபளப்பான மேல்பூச்சு) போன பெல்லைத் திரும்பப் பழையபடி ஆக்க அதைப்போல் பல மடங்கு ஆகும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்வலத்தில் ஜெனரேட்டர் வண்டி கூடவே வருகிறது, அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து சீரியல் லைட்டை அப்படியே வாத்தியத்தில் சுற்றிவிடலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் 230 வோல்ட் சீரியல் செட்டுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒயரின் தோல் ஓர் இடத்தில் உரிந்தாலும் வாத்தியம் முழுக்கக் கரன்ட் வரும். நீங்களோ வியர்த்த கையில் அதைப் பிடித்துக்கொண்டு, ஈர உதட்டில் வைத்து ஊதுகிறீர்கள். பேட்டரியில் ஓடும் 3 அல்லது 5 வோல்ட் லைட் மட்டும் போதும்.

அடுத்தது பசை. ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். பித்தளை மேல் இருக்கும் லேக்கர் மிக மெல்லிய பூச்சு. பசையைச் சுரண்டினாலும் அது போகும், அசிட்டோன் போட்டுத் துடைத்தாலும் போகும். ஹாட் க்ளூவும் அப்படித்தான். சூடாக ஒட்டும், உரிக்கும்போது லேக்கரையும் கூட்டிக்கொண்டு வரும். சிலிக்கான் சீலன்ட் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், அது பித்தளையை அரிக்கும்.

சரி, டபுள் சைடு டேப்? ஒரு ராத்திரிக்கு ஒட்டி உடனே எடுத்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஊரில் யாரும் உடனே எடுப்பதில்லை, அடுத்த முகூர்த்தத்துக்கும் ஆகட்டும் என்று விட்டுவிடுகிறோம். சென்னை வியர்வையும் கடல்காற்றின் உப்பும் டேப்பின் ஓரத்தில் இறங்கி உள்ளேயே தங்கும். லேக்கரில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தால் அங்கேதான் வேலை ஆரம்பிக்கும். ரெண்டு மாதம் கழித்து உரித்துப் பார்த்தால் டேப் இருந்த அளவுக்கு ஒரு பட்டை கறுத்திருக்கும், ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. துடைத்தால் களிம்பு போகும், அடியில் விழுந்த புள்ளி போகாது. வெள்ளி முலாம் பூசிய வாத்தியமா? அதில் ரப்பர் பேண்டும் போடாதீர்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியில் கறுப்புத் தடம் போட்டுவிடும்.

எலக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவர்களே மறந்துவிடும் ஒன்று உண்டு: பித்தளை நல்ல கடத்தி. ஸ்ட்ரிப்பை வெட்டிய முனையில் செம்புப் புள்ளிகள் வெளியே தெரியும். பிளஸ், மைனஸ் இரண்டும் பெல்லின் மேல் பட்டால் ஷார்ட். லித்தியம் பேட்டரி என்றால் ஒயர் பழுக்கும் அளவுக்குச் சூடாகும். முனையில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) போடுங்கள், ஆனால் வாத்தியத்துக்குப் பக்கத்தில் வைத்து லைட்டரால் சூடு காட்டாதீர்கள். சால்டரிங்கும் மேஜையிலேயே முடியட்டும். வாத்தியத்தின் இணைப்புகளே ஈயப் பற்றுதான், சுமார் 200 டிகிரியில் இளகிவிடும்.

இனி ஊதுகிறவரின் கஷ்டம். ட்ரம்பெட்டின் மொத்த எடையே ஒரு கிலோ சொச்சம்தான். பெல் நுனியில் பேட்டரி பாக்ஸைக் கட்டினால் முன்பக்கம் இழுக்கும், அரை மணி நேரத்தில் இடது மணிக்கட்டு வலி எடுக்கும். பேட்டரியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் வால்வுக்கு அருகில், கை பிடிக்கும் இடத்தில். பெல்லின் தொண்டைக்குள் ஒயர் விடவே கூடாது, சுருதி கெடும். வெளியே சுற்றியதும் தளர்வாக இருந்தால் சில சுரங்களில் மட்டும் 'ஜிர்ர்' என்று அதிரும். மாஸ்டர் ட்ரம்மரைத் திட்டிக்கொண்டிருப்பார், சத்தம் உங்களிடமிருந்து வரும்! ட்யூனிங் ஸ்லைடு (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்), எச்சில் நீரை வடிக்கும் சாவி, பிஸ்டன் மூடி ஆகியவற்றின் குறுக்கே எதுவும் போகக்கூடாது. ஊதும்போது முன்னும் பின்னும் இழுக்கும் ட்ராம்போன் ஸ்லைடில் லைட் என்ற பேச்சே வேண்டாம், பெல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் வாங்கும் முன் ஒரு விஷயம். மிகக் குறைந்த கரன்ட் எடுக்கும் ஃபேரி லைட்டை (மெல்லிய கம்பியில் கோத்த குட்டி எல்இடி சரம்) செருகினால், பல பவர் பேங்குகள் எதுவும் செருகவில்லை என்று எண்ணிக் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அதற்கு ரெண்டு பென்சில் செல் பாக்ஸே மேல். நேர்மாறாக, நிறம் மாறும் 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மீட்டருக்கு 60 எல்இடி இருந்தால், முழு வெள்ளையில் ஒரு மீட்டரே 3.6 ஆம்பியர் வரை இழுக்கும். பிரைட்னஸைக் குறைத்து வையுங்கள், ராத்திரியில் அதுவே கண்ணைப் பறிக்கும்.

என்னைக் கேட்டால், லைட்டை வாத்தியத்தில் ஒட்டவே வேண்டாம், துணியில் தைத்து அந்தத் துணியை வாத்தியத்துக்கு மாட்டுங்கள். பெல் விளிம்பின் வெளிப்புறத்தைச் சுற்றி வரும் அளவுக்கு ஒரு பட்டை, நுனியில் எலாஸ்டிக், உள்பக்கம் மெத்தென்ற பருத்தித் துணி. தெருமுனை டெய்லரே தைத்துத் தருவார். எலாஸ்டிக்கிலும் ரப்பர் உண்டு, அது வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உலோகத்தில் படக்கூடாது. குழாய்ப் பகுதிக்கு வெல்க்ரோ பட்டை, அதற்கும் அடியில் துணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் அங்கேயே கழற்றிப் பையில் போட்டுவிடலாம். நிகழ்ச்சி முடிந்ததும் கழற்றி, வாத்தியத்தை உலர்ந்த துணியால் துடைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

ஆர்டருக்கு முந்தின நாள் மொட்டை மாடியில் எல்லாவற்றையும் மாட்டி அரை மணி நேரம் நடந்துகொண்டே ஊதிப் பாருங்கள். கீழ் ஸ்தாயியில் நீளமாக ஒரு சுரம் பிடியுங்கள், அதிர்வு இருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்புறம் பேட்டரி பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த செட்டை மாட்டாதீர்கள்.