விண்டோஸ் ஃபோல்டரின் ஓனரை மாற்றாதீர்கள்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் டிடிபி கடை, இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். சி டிரைவ் நிரம்பி சிவப்புக் கோடு வந்ததும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் எதையாவது அழிக்கப் பார்த்தால், டிரஸ்டட்இன்ஸ்டாலரிடம் (சிஸ்டம் ஃபைல்களுக்கு ஓனராக விண்டோஸே வைத்திருக்கும் கணக்கு) அனுமதி வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அட்மின் நான்தானே, எனக்கே தடையா என்று கோபம் வரும். உடனே செக்யூரிட்டி டேபில் ஓனரை மாற்றி எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுக்காதீர்கள். அந்தப் பூட்டு உங்களுக்கு எதிரானது இல்லை. வாடிக்கையாளர் பென்டிரைவில் வரும் வைரஸ் சிஸ்டம் ஃபைலை மாற்றி எழுதாமல் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

விண்டோஸ் ஃபோல்டருக்குள், சிஸ்டம் பாகங்களைச் சேர்த்து வைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பல ஜிபி காட்டும். அதில் பாதிக்கு மேல் வேறு இடத்தில் இருக்கும் அதே ஃபைல்களாகவும் இருக்கலாம், இரண்டு முறை எண்ணப்படுகிறது, அவ்வளவுதான். கையால் அழித்தால் அப்டேட் நிற்கும், சில நேரம் கம்ப்யூட்டரே தொடங்காது. டிஸ்க் கிளீனப்பில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' போதும்.

ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களா? ஒரே ஃபைல் என்றால் ஓனர் பெட்டியில் என்டி சர்வீஸ்\டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்று ஆங்கிலத்தில் அடித்துத் திருப்பிக் கொடுங்கள், சேர்த்த அனுமதியையும் எடுத்துவிடுங்கள். முழு ஃபோல்டர் என்றால் சிஸ்டம் ரீஸ்டோர்தான், இல்லையென்றால் ரிப்பேர் இன்ஸ்டால், அதாவது இருக்கும் விண்டோஸ் மேலேயே மீண்டும் விண்டோஸை நிறுவுவது.

அப்புறம், கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் என்பதால் பிள்ளைகளின் லேப்டாப்பிலும் அது இருக்கலாம். அங்கே ரூட் ஃபோல்டர் (/) முழுக்க 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போட்டால் அட்மின் அதிகாரம் தரும் சுடோ கட்டளையே வேலை செய்யாது.